கடைசிக்கு முந்தின பெயர்

பாளையங்கோட்டை
ஏப்ரல் 6

அன்புள்ள மகன் பெனோவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் இங்கே சுகம். ஓசூரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் ஜெபிக்கிறோம். ஜெபிக்கிறோம் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து எழுதியிருப்பது பொய் இல்லை. அப்பா ஜெபத்தில் உன் பெயரைச் சொல்வதில்லைதான். ஆனால் "தூரத்தில் இருக்கிறவர்களையும் காத்துக்கொள்ளும்" என்று ஒரு வார்த்தை தவறாமல் வருகிறது. நம் வீட்டுக்குத் தூரத்தில் இருக்கிறவன் உன்னைத் தவிர வேறு யார்?

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். போனில் நீ என்ன பேசுகிறாய்? சாப்பிட்டேன் என்கிறாய், வேலை இருக்கிறது என்கிறாய், வைக்கட்டுமா என்கிறாய். நான் கேட்க நினைத்ததைக் கேட்கும் முன்னே வைத்துவிடுகிறாய். பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தே காலத்தைக் கழித்தவள் நான். எழுதினால் எனக்குத் தைரியம் வருகிறது. நீயும் கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது.

இங்கே வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. மாடித் தொட்டித் தண்ணீர் காலை பத்து மணிக்கே சுடுகிறது. உன் அறையைப் பூட்டி வைக்கவில்லை. ஜன்னலைத் திறந்துதான் வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஹமீது பீவி வாரம் ஒரு தடவையாவது தம்பி எப்ப வருது என்று கேட்டுவிடுகிறாள். மே மாதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதை மெய்யாக்குவது உன் கையில் இருக்கிறது.

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். களக்காட்டு வயலைப் பற்றி இனி நான் பேசமாட்டேன். நடந்தது நடந்துவிட்டது, வயல் போனது, நீ போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டி வாங்கின கடன் அடைந்தது. ஆனால் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு வந்த அன்று, இனி அவன் பெயரை என் வாயால் சொல்லமாட்டேன் என்று அப்பா சொன்னார் இல்லையா, அதை இன்றுவரை காப்பாற்றி வருகிறார். கண்டக்டராக இருந்த காலத்தில் டிப்போவில் பிடிவாதத்துக்குப் பரிசு கொடுத்திருந்தால் வருஷா வருஷம் வீட்டுக்குக் கொண்டு வந்திருப்பார். இப்போது உனக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ஓசூர். ஓசூருக்குச் சம்பளம் வந்துட்டாமா என்பார். பேப்பரில் அங்கே மழை என்று போட்டிருந்தால், ஓசூர்ட்ட குடை இருக்கான்னு கேளு என்பார். பெயரைச் சொல்லாமல் ஒரு மனிதன் நாள் முழுக்க ஒருவனைப் பற்றியே பேச முடியும் என்பதை நான் இந்த ஒரு வருஷத்தில்தான் கண்டேன்.

ஸ்டெபி ஆரம்பித்த கணிப்புப் போட்டியில் நீ சேர்ந்தது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? உன் அக்கா அதை வாலிபர் சங்கத்துக்காக ஆரம்பித்ததாகத்தான் எல்லாரிடமும் சொல்கிறாள். உனக்காகத்தான் ஆரம்பித்தாள். சொன்னால் நீ கோபப்படுவாய் என்று மறைத்தாள், நான் சொல்லிவிட்டேன். சாயங்காலம் டாஸ் போடுகிற நேரம்தான் பொல்லாத நேரம், அப்போதுதான் கை தானாகப் போனைத் தேடும் என்று ஒரு நாள் நீ அவளிடம் அழுதாயாம். அந்த நேரத்துக்குக் கைக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டால் போதும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. டாஸுக்கு முன்னால் யார் ஜெயிப்பார் என்று வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும், சரியாக இருந்தால் ஒரு புள்ளி, தப்பாக இருந்தால் இரண்டு புள்ளி கழியும், போடாமல் விட்டால் ஒரு புள்ளி கழியும். அவ்வளவுதான். காசு இல்லை, கட்டணம் இல்லை.

எனக்கு முதலில் பயமாக இருந்ததை மறைக்கமாட்டேன். குடியை விட்டவனுக்கு வெறும் தம்ளரைக் கொடுத்து உட்கார வைக்கிற மாதிரி இருக்கிறதே என்று ஸ்டெபியைச் சத்தம் போட்டேன். நம் சபைப் போதகர் ஐயரிடமும் போய்க் கேட்டேன். அவர், வைத்து இழக்க ஒன்றும் இல்லை, வென்று எடுக்கவும் ஒன்றும் இல்லை என்றால் அது விளையாட்டுத்தான் டீச்சர், பிள்ளைகள் விளையாடட்டும் என்றார். அதைக் கேட்ட மளிகைக் கடை ஐயம்பெருமாள் அண்ணாச்சி, முதலாவதாக வருகிறவனுக்கு ஒரு பெட்டி உடன்குடிக் கருப்பட்டி நான் தருகிறேன் என்று கிளம்பினார். அவரும் போட்டியில் இருக்கிறார் அல்லவா! பரிசு என்று வந்தால் ஆசையும் கூடவே வந்துவிடும், வேண்டாம் அண்ணாச்சி என்று ஸ்டெபி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். ஜெயிச்சவனுக்கு ஒண்ணுமில்லன்னா தோத்தவனுக்காவது ஏதாவது இருக்கணும்லா என்று அவர் விடவில்லை. அதனால்தான் அந்த அசன விதி வந்தது. பிரதிஷ்டைப் பண்டிகையில் சபையே கூடி உட்கார்ந்து சாப்பிடுகிற அசனம் முடிந்ததும், பட்டியலில் கடைசி இரண்டு இடத்தில் இருக்கிறவர்கள் கறி காய்ச்சின பெரிய அண்டாவை ஆற்றுக்குக் கொண்டுபோய்த் தேய்க்க வேண்டும். உனக்குத் தெரியும், அது லேசான வேலை இல்லை. ஒரு ஆள் உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டும், ஒரு ஆள் வெளியே நின்று சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

இப்போது ஒரு ரகசியம். பட்டியலில் கடைசியில் பாக்கியவதி என்று ஒரு பெயர் கிடக்கிறதே, அது நான் இல்லை. எனக்கு வைடு எது நோ பால் எது என்று தெரியாது. என் போனை வாங்கி, என் பெயரில் ஆடுகிறவர் உன் அப்பா. ஓசூர் ஆடுகிற ஆட்டத்தில் நேசையா ஆடினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம்! ஆட்டக்காரர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அணியைத் தேர்ந்தெடுக்கிறார். இவனப் பாத்தா டிக்கெட் எடுக்காம இறங்குதவன் மாதிரி இருக்கு, இவன் ஜெயிக்கமாட்டான் என்று சொல்லி எதிரணியைப் போடுவார். அன்று அந்த டிக்கெட் எடுக்காதவன்தான் அடித்து நொறுக்குவான். கோயிலில் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். டீச்சர், அண்டா தேய்க்க நார் வாங்கியாச்சா என்று கேலி செய்கிறார்கள். உன் அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற என் மானம் போகிறது.

ஆனால் ஒன்று சொல்கிறேன். உன் கணிப்பு எப்போதும் டாஸுக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. அதுவரை அப்பா போனைக் கீழே வைப்பதில்லை. ஓசூர் வந்துட்டு என்று சொல்லிவிட்டுத்தான் வேதப் புத்தகத்தை எடுக்கிறார். நம் வீட்டில் குடும்ப ஜெபம் இப்போது உன் கணிப்புக்குப் பிறகுதான்.

வேளைக்குச் சாப்பிடு. கம்பெனி கேன்டீனில் குழம்பு சரியில்லை என்றால் தயிராவது வாங்கிக்கொள். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

என்றும் உன் அம்மா,
பாக்கியவதி


பாளையங்கோட்டை
ஏப்ரல் 27

அன்பு மகன் பெனோவுக்கு,

அம்மாவின் ஆசீர்வாதம். நீ பதில் எழுதமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன், அதனால் எனக்கு வருத்தமில்லை. ஸ்டெபிக்கு நீ அனுப்பியதை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள். இப்ப ஆட்டத்தப் பாத்துட்டுத் தூங்கிருதேன்க்கா, கை எதையும் தேடல என்று எழுதியிருந்தாய். அவளை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். பிறகு அடுப்படிக்குப் போய், ஒரு வேலையும் இல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

பட்டியலில் நீ முதல் இடத்துக்கு வந்துவிட்டாய் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஸ்டெபி எல்லாருக்கும் சொன்னாள். ஐயரே கைகொடுத்தார், உன் கை இல்லாததால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா செருப்பைத் தேடுகிறது போல் குனிந்துகொண்டார். வீட்டுக்கு வருகிற வழியில், ஓசூருக்கு மூளை இருக்கத்தான் செய்யுது, அத எங்க வைக்கணும்னுதான் தெரியல என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் புகழ்ச்சி வராது. நீ இதைச் சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.

அவரும் சும்மா இல்லை. முகம் பார்ப்பதை விட்டுவிட்டார். உன் கணிப்பு வரட்டும் என்று காத்திருந்து, அதையே தானும் போடுகிறார். காப்பி அடிக்கிற பையனை நான் எத்தனை பார்த்திருக்கிறேன், இந்த வயதில் வீட்டிலேயே ஒருவர். இப்போது பாக்கியவதி பட்டியலில் பாதிக்கு மேலே ஏறிவிட்டாள். ஐயம்பெருமாள் அண்ணாச்சி சென்னையோடு யார் மோதினாலும் கூசாமல் சென்னை என்றே போடுகிறவர், சென்னை ஆடாத நாளிலும் ஒரு தடவை சென்னை என்று போட்டுவிட்டார். அண்டா இந்த வருஷம் அவருக்குத்தான் என்று பேச்சு.

நீ ஆடுகிற ஆட்டம் எனக்கு இன்னும் புரியவில்லை பெனோ. ஆனால் அந்த நேரம் எனக்குப் பிடித்திருக்கிறது. நீ போன பிறகு இந்த வீட்டில் சாயங்காலம் என்பது மிகவும் நீளமாகிவிட்டது. நானும் அப்பாவும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம். விளக்கைப் போடு என்பதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. பேசினால் உன்னைப் பற்றித்தான் பேச வேண்டும், அது முடியாது. இப்போது அவர் போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, ஏட்டி, பஞ்சாப்னு போட்டிருக்கு என்று என்னைக் கூப்பிடுகிறார். எனக்குப் பஞ்சாப் ஜெயித்தாலும் ஒன்றுதான் தோற்றாலும் ஒன்றுதான். என் பிள்ளை அங்கே உட்கார்ந்து பஞ்சாப் என்று விரலால் அமுக்கியிருக்கிறான், அது எனக்குப் போதும்.

அசனம் மே முப்பதாம் தேதி, சனிக்கிழமை. இப்போதே லீவு சொல்லி வை. முதலாவதாக வந்தவன் அண்டா தேய்க்க வேண்டாம், கறி பரிமாறினால் போதும்.

சமாதானத்தின் தேவன் உன்னோடு இருப்பாராக.

அன்புடன்,
அம்மா


பாளையங்கோட்டை
மே 19

என் கண்ணே பெனோ,

நீ இதைப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டு வாரமாக உன் கணிப்பு வரவில்லை. போன் அணைத்து வைத்திருக்கிறது என்றே சொல்கிறது. உன் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். தம்பி வேலைக்குப் போகிறார், வருகிறார், விளக்கு எரிகிறது, ஆனால் யாரிடமும் பேசுவதில்லை, வாடிப்போய் இருக்கிறார் என்று சொன்னார். விளக்கு எரிகிறது என்று கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. அதற்கு முன்னால் பேப்பரில் படித்ததெல்லாம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எந்தச் செய்திகளைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

வாலிபர் சங்கத்து டார்லின் குழுவில் எழுதினதுதான் காரணம் என்று ஸ்டெபி சொல்லி அறிந்துகொண்டேன். நீ முதல் இடத்தில் இருந்ததைப் பார்த்து, அவனுக்கென்ன, இதுல அனுபவம் ஜாஸ்தில்லா, வயலையே ஃபீஸா கட்டிப் படிச்சவம்லா என்று அவன் எழுதினானாம். நாலைந்து பேர் சிரிப்பு பொம்மை போட்டார்களாம். அன்றிலிருந்து நீ வரவில்லை. அவன் கெட்டவன் இல்லை பெனோ, நாக்கு நீளம். ஆனால் நாக்கு நீளமானவனை நானும் மன்னிக்கச் சில நாள் ஆகும்.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? அன்று டாஸ் போட்டாச்சு, உன் கணிப்பு வரவில்லை. நெட்டு கிடைக்கலியோ என்னவோ என்று காத்திருந்தார். ஆட்டமே பாதி முடிந்துவிட்டது, ஜெபத்துக்கு உட்காரவில்லை. நான் ஸ்டெபியிடம் விசாரித்து விஷயத்தைச் சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு டார்லின் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் நின்றே, ஏலே, வித்தது என் வயலு, அவன வைய எனக்கு உரிமை இருக்கு, உனக்கு இல்ல என்று சொன்னார். சத்தம் போடவில்லை. டார்லினின் அம்மாதான் அழுதாள். அவனும் அந்த எழுத்தை அப்போதே அழித்துவிட்டான், உனக்கு மன்னிப்புக் கேட்டும் எழுதினானாம். அணைத்து வைத்த போனில் அது எப்படித் தெரியும்?

திரும்பவும் நீ அந்தப் பழைய ஆட்டத்தில் விழுந்துவிட்டாயா என்று விசாரிக்கத்தான் அம்மா எழுதுகிறாள் என்று நினைக்காதே. அந்தப் பயம் எனக்கு இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது. சாயங்காலம் ஆனால் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். ஆனால் விழுந்திருந்தாலும் நீ என் பிள்ளைதான். விழாமல் வெட்கத்தில் மட்டும் உட்கார்ந்திருந்தாலும் என் பிள்ளைதான். இரண்டில் எது என்று நீ வந்து சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

நான் உடனே பஸ் ஏறி வந்துவிடுகிறேன் என்று பையை எடுத்து வைத்தேன். அப்பா வேண்டாம் என்றார். போய் நின்னா கதவத் தொறக்கதுக்கு வெக்கப்படுவான், ஓடுத பஸ்ல இருந்து ஆள இறக்கக் கூடாது, வண்டி நிக்கட்டும், பையப் பைய இறங்கட்டும் என்றார். ஆனால் அப்படிச் சொன்னவர் சும்மா இருக்கிறாரா என்றால் இல்லை. காலையில் பேப்பர் வாங்கி வருகிறேன் என்று கிளம்புகிறவர் வெயில் ஏறித்தான் திரும்புகிறார். நம் தெருமுனையில் கிடைக்கிற பேப்பருக்கு இவ்வளவு நேரமா என்று நானும் மண்டையைக் குடைந்தேன். அவரோடு வேலை பார்த்த ஒருவர்தான் சொன்னார். புது பஸ் ஸ்டாண்டில் ஓசூர் வழியாக வருகிற வண்டி நிற்கிற இடத்தில் தினமும் நிற்கிறாராம். கடைசி ஆள் இறங்குகிறவரை பார்த்துவிட்டு, கண்டக்டரோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருகிறாராம். நான் கேட்கவில்லை. கேட்டால் போவதை விட்டுவிடுவார்.

இனி நான் எழுதப் போவதைக் கவனமாகப் படி.

நீ போடாமல் விட்ட ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு புள்ளி கழிந்துகொண்டே வந்தது. உன்னை மட்டும் கழிக்காமல் விட்டுவிடலாமே என்று ஸ்டெபியிடம் சொன்னேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதாம்மா, அவன் பெயரை எடுத்துவிட்டால் அவன் போயே போய்விட்டான் என்றாகிவிடும், பெயர் கிடக்கட்டும் என்றாள். அப்படியே ஒவ்வொரு நாளும் உன் பெயர் கீழே இறங்கியது. முந்தின வாரம் நீ கடைசியில் ஐயம்பெருமாள் அண்ணாச்சிக்குப் பக்கத்தில் வந்துவிட்டாய்.

அப்போதுதான் அப்பாவின் போக்கு மாறினது. பாதிக்கு மேலே இருந்தவர் தடதடவென்று விழ ஆரம்பித்தார். காப்பி அடிக்க ஆள் இல்லாததால் விழுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் ஸ்டெபிக்கு அவர் போன் பேசுவதைக் கேட்டேன். இன்னைக்குக் கண்டிப்பா தோக்கப் போறது யாருன்னு சொல்லு என்று கேட்கிறார். யார் ஜெயிப்பார் என்று இல்லை பெனோ, யார் தோற்பார் என்று. அவள் சொன்ன அணியை அப்படியே ஜெயிக்கும் என்று போட்டார். மறுநாளும் அதையே கேட்டார். சில நாள் அந்தத் தோற்கிற அணி ஜெயித்துத் தொலைத்துவிடும். அன்று அவருக்கு வருகிற கோபத்தைப் பார்க்க வேண்டுமே! இவனுக்கு இன்னைக்குத்தானா ரோஷம் வரணும் என்று டிவியை அணைத்துவிடுகிறார். ஜெயிக்க நினைத்தபோது தோற்றுக்கொண்டிருந்தவர், தோற்க நினைத்தால் ஜெயிக்கிறார். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதேன்.

என்னத்துக்கு இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். கொஞ்சம் கழித்து, அந்த அண்டாவ ஒத்த ஆளாத் தேய்க்க முடியாதுட்டி, ஓசூர் கூட யாராவது வேத்தாள் வந்தா ரெண்டு பேரும் பேசாம நிப்பாங்க என்றார்.

நேற்று பாக்கியவதி கடைசி இடத்துக்கு வந்துவிட்டாள். உனக்குக் கீழே. அண்ணாச்சி தப்பித்துவிட்டார், டீச்சர் புண்ணியத்துல நான் பிழைச்சேன் என்று கடைக்கு வருகிற ஆளிடமெல்லாம் சொல்கிறார். ஆனால் அப்பா இன்று காலையில் ஸ்டெபியை வீட்டுக்கு வரச்சொல்லி, என் போனை அவள் கையில் கொடுத்தார். பட்டியலில் உன் அம்மா பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடு என்றார். இத்தனை நாள் ஆடினது நீங்கள்தான் என்று ஊருக்கே தெரிந்துவிடுமே அப்பா என்று அவள் தயங்கினாள். தெரியட்டும், கடைசிக்கு முந்தின பேருக்குக் கீழ நேசையான்னு இருக்கட்டும் என்றார். அவள் மாற்றிவிட்டாள். டார்லின் குழுவில் கும்பிடுகிற பொம்மை ஒன்று போட்டிருந்தான்.

இனிமேல் நீ கணிப்புப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன, மிச்ச ஆட்டங்களில் உங்கள் இரண்டு பேருக்கும் மீட்சி இல்லை. ஸ்டெபி கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டாள். ஆனாலும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், டாஸுக்கு முன்னால் ஏதாவது ஒரு பெயரை அமுக்கு. தோற்கிற அணியாக இருந்தாலும் சரி. நீ போடும்வரை நம் வீட்டில் வேதப் புத்தகம் மூடியே இருக்கிறது. எட்டு மணிக்கு, எட்டரைக்கு என்று ஜெபம் தள்ளிக்கொண்டே போகிறது. நேற்று நான் சண்டை போட்டுத்தான் உட்கார வைத்தேன். தூரத்தில் இருக்கிறவர்களையும் என்று வருகிற இடத்தில் அப்பாவுக்குக் குரல் எழும்பவில்லை. அந்த இடத்தை நான் சொல்லி முடித்தேன்.

அசனம் முப்பதாம் தேதி. ஆற்றில் இப்போது முழங்கால் தண்ணீர்தான், அண்டாவை இறக்கத் தோதாக இருக்கும். தேங்காய் நாரும் புளியும் வாங்கி வைத்துவிட்டேன். அப்பாவுக்கு முட்டி மடங்குவதில்லை என்று உனக்குத் தெரியும், அண்டாவுக்குள் அவரால் இறங்க முடியாது. அவர் வெளியே நின்று சாய்த்துப் பிடிப்பார். உள்ளே இறங்க ஆள் வேண்டும். அவர் பேசினால் நீ பேசு, பேசாவிட்டால் நீயும் பேசாமல் தேய். வந்து தேய்த்துவிட்டுப் போ, மகனே.

கர்த்தர் உன்னைக் கைவிடாதிருப்பாராக. நாங்களும் விடவில்லை.

உன் வழியைப் பார்த்திருக்கும்,
அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டு விலாசம் எழுதக் கண்ணாடியைத் தேடப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் எழுதியாகிவிட்டது. அதனால் இந்தத் துண்டுத் தாளை ஓரத்தைப் பிரித்து உள்ளே வைக்கிறேன். உறையின் மேலே உன் பெயரை முதல் எழுத்தோடு முழுசாக எழுதியிருப்பது யார் கை என்று ஒரு தடவை பார்.